வாடல் நோய்க்கு சூடோமோனாஸ் ஏத்தின கம்போஸ்ட்: இதுவரைக்கும் பார்த்தது

மாடில தக்காளி, கத்தரி வைக்கிறவங்களுக்கு இந்த நோய் தெரிஞ்சிருக்கும், முதல் நாள் வரைக்கும் ஜம்முனு நின்ன செடி திடீர்னு இலை எல்லாம் பச்சையாவே தொங்கிடும், தண்ணி ஊத்தினாலும் எழுந்திரிக்காது. பூஞ்சை வாடல்னா அடி இலை மஞ்சளாகி மெதுவா தான் போகும். சந்தேகமா இருந்தா தண்டை அடியில வெட்டி ஒரு கிளாஸ் தண்ணில முனையை மட்டும் முக்கிப் பிடிங்க, கொஞ்ச நேரத்துல வெள்ளையா இழை இழையா இறங்கினா அது பாக்டீரியா, ரால்ஸ்டோனியா. வேர்ல இருக்கிற காயம் வழியா உள்ள போய் தண்ணி ஏறுற குழாயையே அடைச்சிடுது, அதனால வாடின செடிக்கு மருந்து தேடறது வேஸ்ட், பிடுங்கிப் போடறது தான் வழி. அந்த மண்ணையும் சேர்த்து தான்.

நான் பார்க்கிறது மிச்சம் இருக்கிற செடியைக் காப்பாத்த, அதுக்கு தான் சூடோமோனாஸ்ங்கிற நல்ல பாக்டீரியா. வயலுக்கு சொல்ற கணக்கு ஹெக்டேருக்கு 2.5 கிலோ சூடோமோனாஸ் பவுடர், 50 கிலோ மக்கின தொழு உரத்தோட கலந்து போடணும், அதையே சுருக்கி 1 கிலோ கம்போஸ்ட்டுக்கு 50 கிராம்னு எடுத்துக்கிட்டேன். கம்போஸ்ட் நல்லா மக்கி ஆறி இருக்கணும், சூடு இருக்கிற குவியல்ல போட்டா பாவம் இதுவும் செத்துடும். ஈரம் தெளிச்சு நிழல்ல ஈர சாக்கு போட்டு மூடி வச்சு, ஒரு வாரம் போல கழிச்சு நடுற குழில வேர் தொடற இடத்துல போட்டேன். நாத்தையும் லிட்டருக்கு 10 கிராம் கலந்த தண்ணில வேரை நனைச்சு தான் நட்டேன்.

இது வேலை செய்யறது பஸ்ல துண்டு போட்டு சீட் பிடிக்கிற மாதிரி தாங்க, வேரைச் சுத்தி முதல்ல இது உக்காந்துடணும். மண்ல இருக்கிற இரும்புச்சத்தை இழுத்து வச்சுக்கும், மத்தவனுக்கு விடாது, செடியோட சொந்த எதிர்ப்பையும் உசுப்பி விடும். அதனால தான் நோய் வந்த அப்புறம் ஊத்தினா பெருசா பலன் இல்ல.

ரிசல்ட்? கத்தரி நல்லாவே தாங்குது. கம்போஸ்ட் போடாம சும்மா விட்ட பைகள்ல தான் சாவு அதிகம். தக்காளில அவ்ளோ தைரியமா சொல்ல மாட்டேன், மழை விட்டு வெயில் ஏறின வாரத்துல போட்டதுலயும் சிலது விழுந்துச்சு, அதுவும் ஒரு பை தண்ணி வழிஞ்சு அடுத்த பைக்குப் போற வரிசைல தான். இப்ப பை எல்லாம் செங்கல் மேல ஏத்தியாச்சு.

பவுடர் வாங்கும்போது தேதி பாருங்க, பழசுல உயிரோட இருக்கிறது கம்மி. காப்பர் மருந்தோட சேர்த்துக் கலக்காதீங்க.

அடுத்து சுண்டைக்காய் வேர்ல ஒட்டுக் கட்டின கத்தரி நாத்து வச்சு, அதுல பாதிக்கு இந்த கம்போஸ்ட், பாதிக்கு வெறும் கம்போஸ்ட்னு பார்க்கப் போறேன், சுண்டை வேரே வாடலை நல்லா தாங்கும், அதுக்கு மேல இது எவ்ளோ கூட்டுதுன்னு தெரியணும்.