சொ. மீனாள், எஸ். மீனாள், சி. மீனாள்

காரைக்குடியில் பதினோரு வருடம் கணக்கு டீச்சர். அப்புறம் மூன்று வருடம் அமெரிக்காவில், வட கரோலினாவில் ஓர் அரசுப் பள்ளி. ஜே-1 விசாவில் போனேன். அது வேலை விசா இல்லை, கலாச்சாரப் பரிமாற்ற விசா. எப்படிப் போனாய் என்று பார்க்கிற டீச்சர்கள் எல்லாம் கேட்கிறார்கள், அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒரு தரகரிடம் போனேன். இரண்டு லட்சம் கேட்டார். அமெரிக்க வெளியுறவுத் துறை அங்கீகரித்த ஸ்பான்சர், அதாவது இந்தத் திட்டத்தை நடத்தும் நிறுவனம், வழியாகத்தான் இந்த விசாவில் போக முடியும். அந்தப் பட்டியல் துறையின் தளத்திலேயே இருக்கிறது. அன்று ராத்திரி உட்கார்ந்து தேடினேன். தரகர் சொன்ன பெயர் அதில் இல்லை. பட்டியலில் இருந்த ஒரு நிறுவனத்துக்கு நானே விண்ணப்பித்தேன்.

பட்டப்படிப்பு, குறைந்தது இரண்டு வருட அனுபவம், கையில் ஒரு டீச்சர் வேலை, ஓரளவு நல்ல ஆங்கிலம். இவையெல்லாம் என்னிடம் இருந்தன. இடித்தது என் இனிஷியல்தான்.

அப்பா பெயர் சொக்கலிங்கம். பள்ளிச் சான்றிதழிலும் பட்டத்திலும் ஆங்கிலத்தில் 'எஸ்' மீனாள். அப்பாவின் ஆதாரில் அவர் பெயர் 'சி'யில் தொடங்கும். பாஸ்போர்ட்டில் அதையே போட்டுவிட்டார்கள். தமிழில் ஒரே 'சொ'தான். இதை வெளிநாட்டில் சான்றிதழ் மதிப்பிடுகிறவருக்கு எப்படிப் புரியவைப்பது? இருவரும் ஒருவரே என்று நோட்டரி வக்கீலிடம் அஃபிடவிட் வாங்கினேன். நான்தான் நான் என்று முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டபோது சிரிப்பு வந்தது.

படிப்பிலும் ஒரு சிக்கல். நம் பி.எஸ்சி. மூன்று வருடம், அங்கே இளநிலைப் பட்டம் நான்கு வருடம். நல்லவேளை எம்.எஸ்சி., பி.எட். மதிப்பெண் பட்டியல்களையும் சேர்த்து அனுப்பியிருந்தேன். சீல் வைத்த உறையில் ட்ரான்ஸ்கிரிப்ட் (பல்கலைக்கழகமே தரும் மதிப்பெண் ஆவணம்) வாங்குவதற்கு மட்டும் பல்கலைக்கழகத்துக்கு ஆறு தடவை நடந்தேன். பள்ளி லீவில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள், அங்கேயும் ஆள் இருக்க மாட்டார்கள்.

பள்ளி முதல்வருடன் நேர்காணல் வீடியோவில், ராத்திரி எட்டு மணிக்கு. ஒரு பையன் பாடத்தின் நடுவில் எழுந்து வெளியே போனால் என்ன செய்வீர்கள் என்றார்கள். "அப்பாவைக் கூட்டிட்டு வரச் சொல்வேன்" என்றேன். அங்கே யாரும் சிரிக்கவில்லை. மாதிரிப் பாடம்தான் காப்பாற்றியது. எங்கள் வீட்டுப் பட்டாலையில் (கூடத்தில்) பதித்த ஆத்தங்குடிக் கல்லை கேமராவில் காட்டி, நான்கு கற்கள் சேருகிற மூலையில் எத்தனை டிகிரி, ஐங்கோணத்தில் கல் செய்தால் ஏன் இடைவெளி விழும் என்று ஆரம்பித்தேன். ஐங்கோணத்தின் ஒரு கோணம் 108 டிகிரி. மூன்று சேர்ந்தால் 324, மீதி 36 டிகிரி வெறும் சந்து. முதல்வர் பேப்பரில் வரைந்து பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

வேலை உறுதியானதும் டி.எஸ்.-2019 என்ற படிவம் வந்தது. இது இல்லாமல் விசா கிடையாது. செவிஸ் என்கிற அமெரிக்க அரசுப் பதிவேட்டுக்கு 220 டாலர், விசாவுக்கு 185 டாலர் கட்டினேன். பல்லவனில் ஏறிச் சென்னை போய், ஒரு நாள் கைரேகை, மறுநாள் ஜெமினி பாலத்துக்குப் பக்கத்தில் அமெரிக்கத் துணைத் தூதரகம். ஒரு பை நிறையக் காகிதம் கொண்டுபோனேன். என்ன பாடம், எந்த வகுப்பு, திரும்பி வந்து என்ன செய்வீர்கள் என்று மூன்றே கேள்வி.

இன்னொன்று, படிவத்தில் உள்ள தொடக்கத் தேதிக்கு 30 நாளுக்கும் முன்னதாக அந்த நாட்டில் நுழைய முடியாது. மலிவாக இருக்கிறதென்று முன்கூட்டியே டிக்கெட் போட்டுவிடாதீர்கள்.

அப்பத்தாவுக்கு மட்டும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, பினாங்கில் வட்டிக்கடைப் பெட்டியடியில் இருந்தவர். "எத்தனை வருசம்?" என்றார். மூன்று என்றேன். "கொண்டுவிக்க, அக்கரைக்குத் தொழிலுக்குப் போறவுகளுக்கும் மூணு வருசக் கணக்குத்தான். சம்பளச் சீட்டு எழுதிட்டாகளா?" டி.எஸ்.-2019-ஐக் காட்டினேன். தடவிப் பார்த்துவிட்டு, பொம்பளப் பிள்ளைக்கு இப்பத்தான் எழுதுறாக என்றார்.

வருடத்துக்கு ஒரு முறையாவது நம் நாட்டைப் பற்றி அங்கே எடுத்துச் சொல்வதும், வேறு நாட்டுப் பள்ளியோடு, முடிந்தால் நம் பழைய பள்ளியோடு, பிள்ளைகளைப் பேசவைப்பதும் இந்தத் திட்டத்தின் விதி. எனக்குப் பிடித்த விதி. அங்கே காலை எட்டு மணி, இங்கே மாலை ஐந்தரை. காரைக்குடிப் பிள்ளைகள் பள்ளி விட்ட பிறகும் காத்திருந்து பேசினார்கள். அங்கிருந்து ஒரு பையன் என்னை "மிஸ் சொக்கலிங்கம்" என்று கூப்பிட்டதும் இந்தப் பக்கம் ஒரே கூச்சல்: "டீச்சர், அது உங்க அப்பா பேரு!"