பயாஸ் அப்டேட்டுக்குப் பிறகு ரேம் படுத்திய பாடு

போன ஞாயிறு மதர்போர்டின் பயாஸை (கணினி ஆன் ஆனதும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்தேன். பழைய அமைப்புகள் அழிந்துவிடும் என்பதால் ரேமை அதன் விளம்பர வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்போ (EXPO) அமைப்பை மறுபடி ஆன் செய்தேன். அன்று இரவே நீலத்திரை. மறுநாள் காப்பி செய்த ஒரு ஜிப் கோப்பு திறக்கவில்லை. பென்டிரைவில் இருந்த மூலம் நன்றாகவே இருந்தது. அதைப் பார்த்ததும்தான் பயம் வந்தது. ரேம் தடுமாறினால் கணினி நிற்பது மட்டுமல்ல, சேமிக்கிற கோப்பும் சத்தமில்லாமல் கெட்டுப்போகும். குழந்தையின் படங்களெல்லாம் இந்தக் கணினியில்தான் இருக்கின்றன.

விண்டோஸை மறுபடி நிறுவு என்றான் நண்பன். செய்யவில்லை. ரேம் தடுமாறும்போது விண்டோஸை நிறுவினால் அதுவும் கெட்டே ஏறும். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை பென்டிரைவில் போட்டு ஓடவிட்டேன். முதல் சுற்று முடிவதற்குள் பிழைகள் வரிசையாக வந்தன. ஒவ்வொரு ரேமாகக் கழற்றி, ஒரே ஸ்லாட்டில் தனித்தனியாகச் சோதித்தேன். இரண்டும் சுத்தம்! சேர்ந்து 6000 MT/s வேகத்தில் ஓடும்போதுதான் சிக்கல். எக்ஸ்போவை அணைத்து வழக்கமான 4800 வேகத்தில் விட்டால் இரவு முழுக்க ஒரு பிழைகூட இல்லை.

சரி என்று எக்ஸ்போவை மறுபடி போட்டு, பயாஸில் உள்ள மெமரி கான்டெக்ஸ்ட் ரீஸ்டோர் என்ற அமைப்பை மட்டும் அணைத்தேன். கணினி ஆன் ஆகும்போது ரேமுக்கு ஏற்ற நேர அளவுகளைச் சோதித்துக் கண்டறிவதை டிரெய்னிங் என்பார்கள். இந்த அமைப்பு ஆனில் இருந்தால் பழைய டிரெய்னிங் மதிப்புகளையே பயன்படுத்தும். அணைத்தால் ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் ரேமைப் புதிதாக டிரெய்ன் செய்யும். பூட் ஆக முன்பைவிட நேரமாகிறது, பரவாயில்லை. மெம்டெஸ்டின் நான்கு சுற்றும் பிழையின்றி முடிந்தன.

அப்டேட் செய்யப் போகிறவர்கள் முதலில் பயாஸ் அமைப்புகளைப் போனில் படமெடுத்து வையுங்கள். முக்கியமான கோப்புகளை வேறு டிஸ்க்கில் காப்பி எடுத்துவிடுங்கள்.