பேரல் ஸ்ட்ரெங்த் போர்பன்: தண்ணீர் விட்டால்தான் தரம் தெரியும்

பேரல் ஸ்ட்ரெங்த் போர்பன், அதாவது பீப்பாயில் இருந்த வீரியத்திலேயே, தண்ணீர் விட்டு இறக்காமல் பாட்டிலில் அடைத்த அமெரிக்க விஸ்கி என்றாலே கண் முதலில் லேபிளில் உள்ள எண்ணுக்குத்தான் போகும். 120 ப்ரூஃப், 130 ப்ரூஃப் (ஆல்கஹால் வீரியத்தின் அளவு). எண் ஏற ஏறச் சரக்கும் உசத்தி என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். பீப்பாய் எத்தனை கோடையைப் பார்த்தது, கிடங்கில் எந்தத் தளத்தில் கிடந்தது என்பதற்கெல்லாம் அந்த எண்ணோடு தொடர்பு உண்டு. சுவைக்கு அது சாட்சி இல்லை.

அமெரிக்கச் சட்டப்படி போர்பனின் தானியக் கலவையில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும். வடித்தெடுக்கும்போது 160 ப்ரூஃபையும், உட்புறம் கருக்கிய புது ஓக் பீப்பாயில் ஊற்றும்போது 125 ப்ரூஃபையும் தாண்டக் கூடாது. ப்ரூஃபில் பாதிதான் ஆல்கஹால் சதவீதம். ஆக, பீப்பாய்க்குள் போவது அதிகபட்சம் 62.5. பிறகு எப்படி 68 சதவீதத்தில் பாட்டில் வருகிறது? கென்டக்கியின் உயரமான கிடங்குகளில் மேல்தளங்கள் கோடையில் தகிக்கும். அந்த வறண்ட சூட்டில் ஆல்கஹாலைவிடத் தண்ணீர் வேகமாகப் பலகை வழியே வெளியேறிவிடுகிறது. மிஞ்சியதன் வீரியம் கூடுகிறது. குளிரும் ஈரமுமான ஸ்காட்லாந்துக் கிடங்குகளில் இதற்கு நேர்மாறாக வீரியம் இறங்கும். 'பேரல் ப்ரூஃப்' (பேரல் ஸ்ட்ரெங்த்துக்கு இன்னொரு பெயர்) என்று லேபிளில் போட வேண்டுமானால், பீப்பாயிலிருந்து கொட்டியபோது இருந்ததைவிட 2 ப்ரூஃபுக்கு மேல் குறைத்திருக்கக் கூடாது என்பது 1979-இல் வந்த விதி.

எலைஜா கிரெய்க் பேரல் ப்ரூஃப் என்ற போர்பனின் 2019 வெளியீடுகளில் இரண்டைப் பாருங்கள். பி519 என்பது 122.2 ப்ரூஃப், சி919 என்பது 136.8. (எழுத்து அந்த ஆண்டின் எத்தனையாவது வெளியீடு என்பது, அடுத்த எண் மாதம், கடைசி இரண்டும் ஆண்டு.) இரண்டுமே 12 வயது. ஒரே பெயர், ஒரே வயது, வித்தியாசமோ ஏழு சதவீதத்துக்கும் மேல்.

ருசி பார்க்க டியூலிப் வடிவக் கண்ணாடி வேண்டும், கிளென்கெய்ர்ன் என்ற விஸ்கிக் கண்ணாடி போதும். சோப்பு வாசனை ஒட்டியிருந்தால் மறுபடி வெறும் தண்ணீரில் அலசுங்கள். அளவு 20 மி.லி. 62 சதவீதத்தில் 30 மி.லி. குடிப்பது, சாதாரண 40 சதவீத விஸ்கியில் 46.5 மி.லி. குடிப்பதற்குச் சமம். ஒரே நேரத்தில் மூன்று மாதிரிக்கு மேல் வைத்தால் மூன்றாவதற்குப் பிறகு நாக்கு சொல்வதை நம்ப முடியாது. துப்பிவிட்டு ருசி பார்ப்பதில் எந்த இழுக்கும் இல்லை. வீரியம் குறைந்ததிலிருந்து கூடியதற்குப் போங்கள்.

ஊற்றிப் பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். முதலில் எழுவது வெறும் நெடி. அது அடங்கிய பிறகுதான் மணம் வரும். ஒயின்போலச் சுழற்ற வேண்டாம். சுழற்றினால் நெடிதான் கிளம்பும். மூக்கைக் கண்ணாடிக்குள் நுழைக்காமல், விளிம்புக்கு மேல் இரண்டு விரற்கடை தள்ளி, வாயைச் சற்றே திறந்துவைத்து மெல்ல இழுங்கள். வாய் மூடியிருந்தால் ஆவி முழுவதும் மூக்கில் ஏறி, நாலு மூச்சிலேயே மூக்கு மரத்துவிடும். பிறகு கண்ணாடியைச் சாய்த்து, விளிம்பின் மேல்பக்கம், கீழ்ப்பக்கம் என முகர்ந்து பாருங்கள். ஒரே கண்ணாடியில் ஒரு பக்கம் வனிலா, இன்னொரு பக்கம் கிராம்பு என்று பிரிந்து வரும். இரண்டுமே கருக்கிய ஓக் தருபவை.

முதல் மிடறுக்கு மதிப்பெண் போடாதீர்கள். கால் தேக்கரண்டி அளவு எடுத்து நாக்கு முழுக்கப் பரப்பி விழுங்குங்கள். வாய் பழகுவதற்கு மட்டுமே அது. ஒரு நிமிடம் கழித்து இரண்டாவது மிடறை மெல்லுவதுபோல் ஐந்து விநாடி உருட்டுங்கள். இங்கே காரத்தையும் எரிச்சலையும் பிரித்தறிய வேண்டும். காரம் நெஞ்சுக்குள் சூடாக இறங்கும், கூடவே சுவையும் வரும். எரிச்சல் நாக்கின் நுனியைக் குத்தி, தொண்டையைக் கமறவைத்துவிட்டுச் சுவை இல்லாமல் போய்விடும். 65 சதவீதத்தில் எரிச்சல் இல்லாதவையும் உண்டு. 55-இல் கமறுபவையும் உண்டு.

இனி தண்ணீர். நல்ல போர்பனும் சத்தம் மட்டும் போடுகிற போர்பனும் இங்கேதான் பிரியும். 'இரண்டு சொட்டு விட்டால் திறந்துகொள்ளும்' என்று சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 62 சதவீதம் உள்ள 30 மி.லி.யில் ஐந்து சொட்டு, அதாவது கால் மி.லி. விட்டால் 61.5 ஆகும், அவ்வளவுதான். 20 மி.லி.யை 62-லிருந்து 55-க்குக் கொண்டுவர 2.5 மி.லி. வேண்டும், 50-க்கு 4.8 மி.லி. கணக்கு எளிது: இருக்கும் சதவீதத்தை வேண்டிய சதவீதத்தால் வகுத்து, ஒன்றைக் கழித்து, ஊற்றிய அளவால் பெருக்குங்கள். ஊசி இல்லாத சிரிஞ்ச் இதற்கு மிக வசதி. குளோரின் வாசனை இல்லாத, அறை வெப்பநிலைத் தண்ணீராக இருக்கட்டும். ஒவ்வொரு முறை விட்ட பின்னும் மூன்று நிமிடம் பொறுங்கள்.

ஊற்றியபடி, 55, 50 என மூன்று வீரியத்திலும் ஒரே ஆளைப் பார்ப்பதுபோல் இருந்தால் அது தேர்ந்த போர்பன். காரமெல் பின்வாங்கிச் செர்ரி முன்னே வரலாம். உடல், அதாவது வாயில் உணரும் கனம், கரைந்துவிடக் கூடாது. 50-இல் சவசவவென்று ஆகிவிட்டால், வாயை நிறைத்தது ஆல்கஹால் மட்டும்தான் என்று அர்த்தம். தண்ணீர் சேர்ந்ததும் வாய் இழுத்துக்கொள்ளும் துவர்ப்பும் கசப்பும் கிளம்பினால் மரம் மிஞ்சிவிட்டது. நீண்ட காலம் சூடான தளத்தில் கிடந்தவற்றில் இந்தக் குறை அதிகம். பச்சைச் சோள மாவு வாசம், நகப்பூச்சு நீக்கியின் நெடி இரண்டும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் இளசு. 46 சதவீதத்துக்குக் கீழே போகும்போதோ ஐஸ் போடும்போதோ கலங்கினால் பயப்பட வேண்டாம். குளிர்வித்து வடிகட்டாத சரக்கின் கொழுப்பமில எஸ்டர்கள் அவை. அதற்கு மதிப்பெண் குறைப்பது அநியாயம்.

இரண்டை ஒப்பிடுவதானால் இரண்டையும் ஒரே வீரியத்துக்கு இறக்குங்கள். முன்சொன்ன பி519-இல் 20 மி.லி.க்கு 2.2 மி.லி., சி919-க்கு 4.9 மி.லி. தண்ணீர், இரண்டும் 55 ஆகிவிடும். கண்ணாடிகளின் அடியில் குறியிட்டு, இடம் மாற்றிவைத்து, எது எதுவென்று தெரியாமல் முகருங்கள். இதைச் செய்யாமல் கொடுக்கும் தீர்ப்பில் பாதி, எண்ணுக்குக் கொடுக்கும் மரியாதைதான்.

புது பாட்டிலின் முதல் ஊற்றை வைத்து முடிவு எழுத வேண்டாம். இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை பாருங்கள். அன்றைய காலிக் கண்ணாடியைக் கழுவாமல் அப்படியே வைத்து மறுநாள் காலை முகருங்கள். ஆல்கஹால் முழுக்கப் போயிருக்கும். மரம் கொடுத்தது மட்டும் அடியில் காய்ந்து கிடக்கும்: வனிலா, கரி, சில சமயம் பழைய புகையிலை.