ஃபோனில் பிடிஎஃப் படிப்பவர்களுக்கு

ஃபோனில் புத்தகம் படித்தால் மனம் ஒட்டவில்லை என்று பலர் வருத்தப்படுகிறார்கள். உங்கள் கவனத்தைக் குறைசொல்லும் முன் கோப்பைப் பாருங்கள். பிடிஎஃப் அச்சுத்தாளுக்கான வடிவம். ஏ4 தாளின் அகலம் 210 மி.மீ., ஃபோன் திரை சுமார் 70 மி.மீ. முழுப் பக்கத்தையும் அதில் அடைத்தால் 12 புள்ளி எழுத்து 4 புள்ளியாகிவிடும். பெரிதாக்கினாலோ வரிக்கு வரி இடமும் வலமும் தள்ளிக்கொண்டே இருக்கவேண்டும். அப்புறம் எங்கே மனம் ஒட்டும்?

இபப் (EPUB) என்ற மின்னூல் வடிவம் திரைக்கேற்ப வரிகளை மடக்கிக்கொள்ளும். கிடைத்தால் அதையே எடுங்கள். பிடிஎஃப் மட்டும்தான் என்றால் அதை இபப்பாக மாற்றிப் பார்க்கலாம். அதற்கு முன் ஒரு சொல்லை அழுத்திப் பிடியுங்கள். தேர்வாகவில்லையா? பெரும்பாலும் அது வெறும் படம், முதலில் ஓசிஆர் (OCR) செய்யவேண்டும், அதாவது படத்திலுள்ள எழுத்தை உரையாக மாற்றவேண்டும். தேர்வாகி, வேறிடத்தில் ஒட்டும்போது கன்னாபின்னாவென்று வந்தால் அநேகமாக யூனிகோட் அல்லாத பழைய எழுத்துரு. அதை அப்படியே மாற்றிப் பயனில்லை.

மின்னூல்களை வடிவம் மாற்றும் காலிபர் (Calibre) மென்பொருளில் மாற்றினால் வரிகள் பாதியில் உடைந்து நிற்கலாம், பக்க எண் பத்திக்கு நடுவே வந்து உட்காரலாம். காரணம், பல பிடிஎஃப்களில் எந்த எழுத்து எந்த இடத்தில் என்ற கணக்கு மட்டுமே உண்டு, பத்தி என்ற தகவலே கிடையாது. காலிபரின் பிடிஎஃப் உள்ளீட்டு (PDF Input) அமைப்பில் வரிகளை இணைக்கும் அளவு 0.45 என்றிருக்கும். அதைக் கொஞ்சம் குறைத்தால் கூடுதல் வரிகள் சேரும். ரொம்பக் குறைத்தால் கவிதை வரிகளும் உரைநடையாகிவிடும், ஜாக்கிரதை.

அட்டவணையும், பக்கத்தை நெடுக்காக இரண்டாகப் பிரித்த இரட்டைப் பத்தியும் நிறைந்த நூல்களை மாற்றவே வேண்டாம். ஃபோனைக் கிடையாகத் திருப்பி, ஓரங்களை வெட்டிக் காட்டும் வசதியுள்ள செயலியில் படியுங்கள்.