நானாவோ நகரில் வடம் பிடித்தோம்

ஏப்ரல் இறுதியில் தொடங்கி மே 5 வரை வரும் தொடர் விடுமுறையை ஜப்பானில் 'கோல்டன் வீக்' என்கிறார்கள். கியோத்தோ போன்ற புகழ்பெற்ற ஊர்களில் அந்நாட்களில் கூட்டம் நெரியும் என்பதால், நண்பர்களும் நானும் இஷிகாவா மாகாணத்தின் நோட்டோ தீபகற்பத்தில் உள்ள நானாவோ நகருக்குச் செல்வதென்று முடிவு செய்தோம். கனசாவாவிலிருந்து நானாவோ தடத்து ரயிலில் ஏறினால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரப் பயணம்.

அங்குள்ள ஒதோகோநுஷி ஆலயத்தின் வசந்த உற்சவமான 'செய்ஹகுசாய்' மே 3 முதல் 5 வரை நடைபெறுகிறது. ஓக் இனத்து மரமொன்றின் பச்சை இலைகளில் நைவேத்தியம் படைப்பது இவ்விழாவின் மரபு. காஜிமாச்சி, ஃபுச்சூமாச்சி, உவோமாச்சி ஆகிய மூன்று வீதிகளைச் சேர்ந்தவர்களும் ஆளுக்கொரு தேரைக் கட்டி இழுத்து வருகிறார்கள். 'தேகயாமா' எனப்படும் ஒவ்வொரு தேரும் சுமார் 12 மீட்டர் உயரமும் 20 டன் எடையும் கொண்டது; அதன் மரச்சக்கரம் ஆள் உயரத்தையும் தாண்டி நிற்கிறது. கீழே குறுகி மேலே விரிந்து செல்லும் அதன் வடிவத்தைக் கண்டதும் எங்களுக்குத் திருவாரூர் ஆழித்தேரின் நினைவு வந்ததில் வியப்பில்லை.

இத்தேர்களுக்குப் பின்னே ஒரு தொல்கதை உண்டு. ஆண்டுதோறும் ஒரு கன்னிப் பெண்ணைப் பலியாகக் கேட்ட குரங்குத் தெய்வத்தை, ஜப்பானின் பழைய மாகாணமான எச்சிகோவிலிருந்து வந்த ஷுகென் என்னும் வெள்ளை ஓநாய் அப்பெண்ணுக்குப் பதிலாகச் சென்று கொன்று, தானும் உயிர்நீத்ததாம். அந்தப் பலிக்கு ஈடாகவே மூன்று தேர்களைக் காணிக்கையாக இழுக்கத் தொடங்கினார்கள் என்று ஊரார் சொல்கிறார்கள். ஒரு பெண்ணின் உயிர் காக்கப்பட்டதற்கான நன்றிக்கடனை இத்தனை தலைமுறைகளாக ஓர் ஊர் மறவாமல் செலுத்தி வருவதே, என்னைப் பொறுத்தவரை, இவ்விழாவின் சாரம்.

மே 4 அன்று நண்பகலையொட்டி மூன்று தேர்களும் ஆலயத்தின் முன் வந்து சேர்கின்றன. நாங்கள் வாயிலில் கைகளையும் வாயையும் நீரால் தூய்மை செய்துகொண்டு, சந்நிதியில் இருமுறை வணங்கி, இருமுறை கைதட்டி, மீண்டும் ஒருமுறை வணங்கினோம். ஊர்க்காரர் அல்லாதவர்களும் வடம் பிடிக்கலாம் என்றார்கள். கேட்ட மாத்திரத்தில் நாங்கள் செருப்பைக் கழற்றப் போனோம். அதைக் கண்ட முதியவர் ஒருவர், வேண்டாம், கால் பத்திரம் என்று சைகையால் தடுத்து, கயிற்றை எங்கள் கையில் கொடுத்தார். தேரின் முன்புறம் நின்றவர்கள் பாட்டெடுத்து முடிக்க, கூட்டம் ஒரே மூச்சில் இழுக்க, அச்சு முனகியபடி அந்தப் பேருரு நகர்ந்தது.

தெருமுனையில் தேரைத் திருப்பும் காட்சியை நான் வாழ்நாளில் மறக்க மாட்டேன். பருத்த மரத்தண்டு ஒன்றை நெம்புகோலாகத் தேரின் முன்பக்கத்து அடியில் செருகி, அதன் மறுமுனையில் இளைஞர்கள் ஒருவர்மேல் ஒருவராக ஏறித் தங்கள் உடல் எடையாலேயே தேரைத் தூக்குகிறார்கள். அந்த இடைவெளியில் சிறிய சக்கரமொன்றைக் குறுக்குவாட்டில் நுழைத்து, அதன் மீதே தேரை மெல்ல மெல்லச் சுழற்றுகிறார்கள். குறுகிய தெருவில், கூரை ஓரங்களை உரசும் நெருக்கத்தில், இவ்வளவும் நடக்கிறது.

2016ஆம் ஆண்டு யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்த 33 ஜப்பானியத் தேர்த்திருவிழாக்களுள் இதுவும் ஒன்று. ஆயினும் 2024 ஜனவரி 1 அன்று நோட்டோவை உலுக்கிய நிலநடுக்கத்தால் அவ்வாண்டு தேர்கள் ஓடவில்லை. நாங்கள் சென்றபோதும் சில வீடுகளின் மேல் நீலத் தார்ப்பாய் கிடந்தது. சொந்த வீட்டைச் சீர்செய்து முடிக்காதவர்களும் தேர்க்கட்டுக்கு வந்துவிட்டதாக அந்த முதியவர் சொன்னார். அதன்பின் வடத்தைப் பிடிக்கையில், இவ்வூர் மீண்டும் செழிக்க வேண்டும் என்பதைத் தவிர வேறெதையும் அந்தத் தெய்வத்திடம் கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை.