எண்ணிட்டு வந்தியா?

பள்ளி மலருக்கு எழுதச் சொல்லி முன்னாள் மாணவர் சங்கத்திலிருந்து மூன்று தடவை ஃபோன் வந்துவிட்டது. தலைமையாசிரியரைப் பற்றியும் விளையாட்டுப் போட்டியைப் பற்றியும் மற்றவர்கள் எழுதிவிடுவார்கள். நான் ஒரு பொட்டலம் கச்சானைப் பற்றி, அதாவது கடலையைப் பற்றி எழுதுகிறேன்.

1975-இல் நான் ஒன்றாம் வகுப்பு. மலேசியாவில், சுங்கை சிப்புட் டவுனிலிருந்து வரும் பஸ் இறக்கிவிடும் இடத்திலிருந்து மண் ரோட்டில் நம் ரப்பர் தோட்டத்துக்குள் நடந்தால் முதலில் கணக்கு எழுதும் கிராணியின் வீடு, அப்புறம் ஆபீஸ், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களம், கோயில், தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள், கடைசியில் நம் பள்ளி. பள்ளிக்குப் பக்கத்திலேயே ஆயாக் கொட்டகை. வெயில் ஏறினால் மரத்தில் பால் ஓடாது. அதனால் இருட்டிலேயே பெரட்டு. அம்மாக்கள் கைக்குழந்தையை ஆயாவிடம் கொடுத்துவிட்டு, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு வெட்டுக்குப் போய்விடுவார்கள். எங்களைக் கிளப்பிப் பள்ளிக்கு அனுப்ப வீட்டில் ஆளிருக்காது. அக்கா இருந்தால் தலை வாரியிருக்கும். இல்லாவிட்டால் எண்ணெய் மட்டும் வழியும்.

குழாயடியில் வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். ஒரு லயத்துக்கே ஒரு குழாய். வரிசையில் குடத்தை வைத்துவிட்டு விளையாடப் போனால், திரும்பி வரும்போது அது இரண்டு குடம் பின்னால் தள்ளியிருக்கும். யார் தள்ளியது என்று கேட்கவே வேண்டாம், நேற்று அவன் குடத்தை நாம் தள்ளியிருப்போம். கத்தினால்தான் பேச்சு, பிடுங்கினால்தான் பொருள் என்று நினைத்திருந்த வயது.

திங்கட்கிழமைச் சபைகூடலில் நாட்டின் கோட்பாடான ருக்குன் நெகாராவைக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிப்போம். 1970-இல் வந்த ஐந்து கோட்பாடுகளில் கடைசி, நன்னடத்தையையும் ஒழுக்கத்தையும் பேணுவது. ஒருநாள் வகுப்புக்கு வந்ததும் டீச்சர், “நன்னடத்தைன்னா என்னடா?” என்று கேட்டார். “நல்லா நடக்கிறது டீச்சர்” என்று ஒருவன் எழுந்து, கைவீசி நடந்தே காட்டினான். டீச்சர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். “சரி, அப்ப நடக்க வச்சே பார்த்துடலாம்” என்றார். அப்படித் தொடங்கியதுதான் சேதிப் பிள்ளை.

ஒரு நாளைக்கு ஒரு பிள்ளை, ஒரு சேதி. சீட்டு கிடையாது. வாயால் சொல்லி வாயால் பதில் வாங்கி வர வேண்டும். கிராணி, மருந்துக் கொட்டகையில் மருந்து கொடுக்கும் டிரெசர், கோயில் பண்டாரம், சீனக் கடை முதலாளி தவுக்கே, ஆயா என்று முறை மாறி மாறி வரும். போன இடத்தில் பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தால் நடுவில் விழக் கூடாது. வாசலில் நின்று, அவர்கள் பார்த்ததும் வணக்கம் சொல்லி, இன்னார் பிள்ளை என்று சொன்ன பிறகுதான் சேதி. கடையில் மலாய்தான் பேச வேண்டும். ஆட்களைக் கடந்து போனால் லேசாகக் குனிந்து, வலக்கையைத் தாழ்த்தி ‘தும்பாங் லாலு’, கொஞ்சம் கடந்து போகிறேன் என்று சொல்ல வேண்டும். இதற்கெல்லாம் முதலில் வகுப்பில் ஒத்திகை நடக்கும். டீச்சரே தவுக்கேயாக உட்கார்ந்து, இல்லாத மணிச்சட்டத்தை டொக் டொக்கென்று தட்டுவார். நாங்கள் நிற்பதையே கண்டுகொள்ள மாட்டார். காத்து நிற்கப் பழக்குகிறார் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

கிராணியிடம் போனவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான் என்று கேள்விப்பட்டால் மட்டும் டீச்சருக்குக் கோபம் வரும். “கையத் தொங்கப் போடு. ஆயாகிட்ட எப்படி நின்னியோ அப்படித்தான் கிராணிகிட்டயும்.” தோட்டத்தில் அது சின்ன விஷயமில்லை. எங்கள் அப்பாக்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நின்ற வாசல் அது. இதைப் பற்றிப் பிராது கூட வந்ததாம். டீச்சர் மாற்றிக்கொள்ளவில்லை.

திரும்பி வந்ததும் இன்னொரு கேள்வி உண்டு: நீ போனப்ப அவங்க என்ன செஞ்சிக்கிட்டு இருந்தாங்க? இதற்காகவே கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு போவோம். ஒருத்தி ஆபீஸிலிருந்து வந்து, “கூட்டுறவு, பத்து வெள்ளின்னு பேசிக்கிட்டாங்க டீச்சர்” என்றாள். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, தொழிலாளர் காசைச் சேர்த்தே தோட்டம் வாங்கலாம் என்று அமைச்சராக இருந்த நம் ஊர்க்காரர் துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைப் பற்றி அன்றுதான் கேட்டேன். என் அப்பாவும் அதில் பங்குக்காகப் பத்துப் பத்து வெள்ளியாக (ரிங்கிட்டாக) கட்டியவர். எல்லார் வீட்டு அப்பாவும் சேர்ந்து ஒரு தோட்டத்தை வாங்குவதை நினைத்துப் பார்த்தேன். ஆளுக்கு எத்தனை மரம் வரும் என்பதுதான் என் கவலை.

கச்சானுக்கு வருகிறேன். அடுத்த வருஷம் ஒன்றாம் வகுப்புக்கு வரப்போகும் ஆயாக் கொட்டகைப் பிள்ளைகளை ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிக்குக் கூப்பிட்டிருந்தார் டீச்சர். எத்தனை பேர் என்று எண்ணி வரும் சேதி என்னுடையது. போனேன். ஆயா இடுப்பில் ஒன்று அழுகிறது, ஏணையில் ஒன்று அழுகிறது, அடுப்பில் பால் பொங்குகிறது. சொல்லிக் கொடுத்தபடி வாசலில் நின்றேன். ஆயா பார்க்கவில்லை. இன்னும் கொஞ்சம் நின்றேன். அப்புறம் திரும்பி வந்து, “ஏழு” என்றேன். ஏன் ஏழு? என் வயது ஏழு.

வெள்ளிக்கிழமை பதினொரு பேர் வந்தார்கள். ஈப்போ புந்தோங்கிலிருந்து வாங்கி வந்த கச்சான் பூத்தே என்னும் கடலைப் பலகாரம், பேப்பர் பொட்டலமாக எங்களுக்கு ஆளுக்கு ஒன்று, வந்தவர்களுக்கு ஏழு. நான்கு பிள்ளைகள் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். டீச்சர் என்னைப் பார்த்தார்.

“எண்ணிட்டு வந்தியா?”

நான் பேசவில்லை. அவர் அடிக்கவும் இல்லை. என் பொட்டலத்தை வாங்கி முதல் பிள்ளையிடம் கொடுத்தார். “இன்னும் மூணு பேரு. போய்க் கேளு. பிடுங்கக் கூடாது. எதுக்குக் கேக்குறேன்னு சொல்லிக் கேளு.”

முதலில் கேட்டது, குழாயடியில் நான் குடத்தைத் தள்ளிய பையனிடம். “மாட்டேன்” என்றான், வாய் நிறைய. அடுத்தவள் ஏன் என்றாள். “நான் எண்ணாம பொய் சொல்லிட்டேன்” என்று எல்லார் காதிலும் விழச் சொல்ல வேண்டியிருந்தது. அவள் ஒரு கை அள்ளிப் போட்டாள். மேசை மேசையாகப் போய் மூன்று பங்கு சேர்ப்பதற்குள் மணி அடித்துவிட்டது. ‘மாட்டேன்’ என்றவன் கடைசியில் எண்ணி நாலு கடலை போட்டான்.

இன்று மெல்பர்னில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்கிறேன். நான் படித்துச் சர்டிஃபிகேட் வாங்கும்போது, 2009-இல் ஆஸ்திரேலியா கொண்டுவந்த பாலர் கல்விக் கட்டமைப்பைப் பாடமாக வைத்திருந்தார்கள். அதன் ஐந்து நோக்கங்களில் இரண்டாவது, பிள்ளைகள் தம்மைச் சுற்றியுள்ள உலகத்தோடு இணைந்திருப்பதும் அதற்குத் தங்கள் பங்கைச் செய்வதும். இங்கே அதற்குப் படங்கள் உண்டு, பொம்மைகள் உண்டு, தீயணைப்பு வண்டி வந்து மணி அடித்துவிட்டுப் போவதும் உண்டு. பிள்ளைகளுக்குக் குஷிதான். ஆனால் அந்த வண்டிக்காரர் இந்தப் பிள்ளையிடம் எதையும் எதிர்பார்க்கவில்லையே என்று எனக்குத் தோன்றும். நாலு வயதுப் பிள்ளையைத் தனியாகத் தெருவில் அனுப்ப முடியாது, அனுப்பவும் கூடாது. அதனால் பெரியவர் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு, சமையலறை வாசல் வரை அனுப்புகிறேன்: இன்று முட்டை சாப்பிடாதவர் எத்தனை பேர் என்று எண்ணி, சமையல்காரரிடம் சொல்லி வர வேண்டும். உடனே திரும்பிப் பார்க்காதீர்கள், கொஞ்சம் நிற்க விடுங்கள் என்று சமையல்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். போன வாரம் ஒரு பொடியன் ‘நாலு’ என்று வந்து சொன்னான். அவனுக்கு வயது நாலு. மறுபடியும் அனுப்பினேன்.

அன்று கையை நீட்டி நின்ற நால்வரில் ஒருவர்தான் இப்போது நம் சங்கத்தின் கணக்கு வழக்கைப் பார்க்கிறார். சந்தாவை அனுப்பிவிட்டேன் என்று சொன்னேன். கச்சான் எங்கே என்கிறார்.