மூவாயிரத்துக்குள்

9 நவம்பர் 2025, ஞாயிறு

எனக்கு இது கர்ப்பத்தின் முப்பத்தாறாவது வாரம். வீட்டுக்காரருக்கு சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வேலை. தீபாவளிக்கு அப்புறம் ஆர்டர் குறைவு, கூலியும் குறைவு. பாப்பாவுக்கென்று மூவாயிரம் எடுத்து வைத்திருக்கிறோம். கர்ப்பிணிகளுக்கு அரசாங்கம் தருகிற முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துப் பணம் 14,000 தவணை தவணையாகத்தான் வரும். அது என் சாப்பாட்டுச் செலவுக்கு, இதில் சேர்க்கவில்லை.

12 நவம்பர், புதன்

செக்கப்புக்குப் போனபோது நர்சக்காவிடம் என் பட்டியலைக் காட்டினேன். பேனாவை எடுத்து பாதியை அடித்துவிட்டார். "பெரியாஸ்பத்திரியில பொறந்தா பெட்டகம் குடுப்பாங்க கண்ணு. 16 சாமான் இருக்கும். துண்டு, சட்டை, சின்ன மெத்தை, கொசுவலை, சோப்பு, எண்ணெய், நகவெட்டி எல்லாம் அதுலயே வந்துரும். எதுக்கு ரெண்டு தடவை வாங்கற?"

பால் புட்டியையும் அடித்தார். ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும், சர்க்கரைத் தண்ணிகூட வேண்டாம். புட்டிக்கும் பால் பவுடருக்கும் விளம்பரம் செய்யக்கூடாதென்று 1992லேயே சட்டம் வந்துவிட்டதாம். எனக்கு இன்றுதான் தெரியும்.

16 நவம்பர், ஞாயிறு

சின்னக்கடை வீதி. கடைக்காரர் முதலில் எடுத்து வைத்தது 900 ரூபாய் கிஃப்ட் பெட்டி. தலையணை, கையுறை, காலர் வைத்த சட்டை என்று பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் தலை நிற்காத பிள்ளைக்குக் காலர் சட்டையை எப்படி மாட்டுவது? தலையணையும் அந்த வயசுக்கு ஆகாது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு, முன்பக்கம் நாடா கட்டுகிற பருத்தி ஜப்லா 6 (420), துணி நாப்கின் 2 டஜன் (560), ரப்பர் ஷீட் 2 (240), குல்லா, சாக்ஸ் (160), ஆஸ்பத்திரிக்கு மட்டும் சின்ன டயப்பர் பாக்கெட் (130) வாங்கினோம். மொத்தம் 1,510.

குளிக்கிற டப்பைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. காலில் போட்டுக் குளிப்பாட்ட அம்மாயி இருக்கும்போது அது எதற்கு?

20 நவம்பர், வியாழன்

அப்பாவின் பழைய வேட்டி மூன்றை அம்மா கிழித்து, கொதிதண்ணியில் போட்டு அலசி மாடியில் காயவைத்தார். பத்துத் துணி தேறியது. புதுத்துணி எதுவும் இத்தனை மெத்தென்று இருக்காது. கடையில் வாங்கியதையும் துவைத்துத்தான் வைத்திருக்கிறோம். தூளிக்கு அம்மாயியின் சுங்குடிச் சேலை.

2 டிசம்பர், செவ்வாய்

சனிக்கிழமை விடியக்காலம் பொண்ணு பிறந்தாள். 2 கிலோ 700. காசநோய்க்கான பிசிஜி, போலியோ சொட்டு, மஞ்சள்காமாலை ஊசி மூன்றும் போட்டாயிற்று. பெட்டகமும் கைக்கு வந்தது.

அத்தைக்கு வெள்ளி அரைஞாண் போட ஆசை. வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் பேசவில்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் தண்டை செய்கிற கை. "வெல இறங்கட்டும்மா, நானே செய்யறேன்" என்றார். இப்போதைக்குக் கறுப்புக் கயிறு.

8 டிசம்பர், திங்கள்

என் கணக்கு தப்பியது துணியில்தான். நாளுக்குப் பதினைந்து நனைக்கிறாள். நாலு நாளாக வெயில் இல்லை, இஸ்திரி போட்டுப் போட்டுக் கட்டுகிறோம். அவர் இன்னொரு டஜன் வாங்கி வந்தார், 280. மழைக்காலத்துப் பிள்ளைக்கு மூன்று டஜன் வேண்டும். ராத்திரிக்கு மட்டும் டயப்பர். கையில் இன்னும் 1,210 இருக்கிறது.

தொப்புள்கொடியில் எதுவும் தடவாமல் காயவிடச் சொல்லியிருந்தார்கள். இன்று காலையில் தானாக விழுந்தது. இத்தனை நாளும் பிள்ளையைக் குளிப்பாட்டாமல், உடம்பை ஈரத்துணியால் துடைத்ததோடு சரி. நாளைக்கு அவளைக் குளிப்பாட்ட அம்மாயி காலை நீட்டி உட்காரப் போகுது. இப்போதே மணையைக் கழுவி வைத்தாயிற்று.